உப்புத்தீவின் ஆறு ஓட்டுகள்



போன வாரம் சாப்பாட்டு மேசையில் சின்னவன் சொன்ன ஒரே வாக்கியம் அந்த வீட்டை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது.

"முப்பத்தொண்ணை ஒன்பதாக்கப் போறேன்."

அவன் சொன்னது பதவிகளை. ஏழுதீவு என்று ஒரு நாடு. பூமியில் எங்கும் கிடையாது, சின்னவனின் கணினியில்தான் இருக்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு புனைபெயரோடு குடியேறலாம், தேர்தலில் நிற்கலாம், ஜெயித்தால் ஆளலாம். பதினோரு வருடங்களுக்கு முன் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து அவன் தொடங்கிய விளையாட்டு. நண்பர்கள் கல்யாணம், வேலை என்று கழன்றுகொண்டார்கள். இவன் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

ஒரு காலத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். இப்போது தொண்ணூற்றாறு. பதவிகள் மட்டும் அன்று வைத்தபடியே முப்பத்தொன்று. தீவுக்குத் தீவு ஒரு தலைவர், ஒரு குடிநீர் ஆணையர், ஒரு நீதிபதி, ஒரு துறைமுகக் காவலர். அவர்களுக்கு மேலே நாட்டுத் தலைவர், தலைமை நீதிபதி உட்பட நாட்டுக்கென்று மூன்று பேர். இதில் தீவுத் தலைவர்கள் ஏழு பேரையும் மேலே இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பது சின்னவனின் தீர்மானம்.

எடுக்கப்படும் பதவிகளில் ஒன்று உப்புத்தீவின் குடிநீர் ஆணையர். அது அப்பா.

பஸ் டெப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கச் செயலாளர் பதவிக்கு ஐந்து முறை நின்று ஐந்து முறையும் மண்ணைக் கவ்வியவர். ஏழுதீவில் முதல் தடவை தோற்றார். அதன் பிறகு தொடர்ந்து மூன்று முறை ஜெயித்துவிட்டார்.

எப்படி ஜெயித்தார் என்பது மகள் பெரியவளுக்குத்தான் தெரியும். உப்புத்தீவில் பத்தொன்பது குடிகள். அதில் ஆறு பேர் அவளே.

*

வாக்கெடுப்பு நாளன்று அப்பா காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் விவாதம். மண்டபம் என்றால், திரையில் எழுத்துகள் வரிவரியாக மேலேறிப் போகும் ஒரு பக்கம். அங்கே யார் சட்டையும் யார் கண்ணுக்கும் தெரியாது.

"யார் பார்க்கப் போறாங்கப்பா?" என்றாள் பெரியவள்.

"நான் பார்ப்பேன்ல," என்றார்.

மகனோடு பேச்சை நிறுத்தி ஏழு நாள் ஆகிறது. சொல்ல வேண்டியதை மண்டபத்தில் எழுதினார். அவனும் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, 'மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு' என்று தொடங்கி அங்கேயே பதில் எழுதினான். இருவருக்கும் நடுவில் பதினாறு படிகள்தான்.

அம்மா ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். வேலைக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அங்க முப்பத்தொரு நாற்காலிக்கும் ஆள் இருக்கு. இந்த வீட்டுல ஒரு நாற்காலி மூணு மாசமா கால் ஆடுது. அதுக்கு ஒரு அமைச்சரும் வர மாட்டேங்கறார்."

"என் இலாகா குடிநீர்," என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

*

பெரியவளுக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கும் வேலை. மதியம் உள்ளறைத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சின்னவன் வந்து நின்றான். ஐந்து வருடத்தில் அவன் அந்தக் கடைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"முதலாளி பார்க்கறார். நாற்காலியில உட்காரு," என்றாள்.

உட்கார்ந்தான். கனத்த இரும்புச் சட்டத்தை அவன் மூக்கில் ஏற்றி, வலது கண்ணை மறைத்து, எதிர்ச் சுவரில் விளக்கைப் போட்டாள்.

"எந்த வரி வரைக்கும் தெரியுது?"

"அக்கா, 'கடைசி வீடு' யாரு?"

அவள் கையில் இருந்த கண்ணாடி வில்லை பெட்டியின் விளிம்பில் இடித்தது.

"எந்த வரின்னு கேட்டேன்."

"நாலாவது வரி. கடைசி வீடு, பழைய சாவி, மூணாம் படி, நனைஞ்ச தீப்பெட்டி, இன்னும் ரெண்டு. எந்தப் பதவிக்கு நிஜமா எத்தனை ஓட்டு விழுதுன்னு ஒவ்வொரு தீவா சரிபார்த்தேன். உப்புத்தீவுல ஆறு பேர் ரெண்டே இடத்துலேருந்து வர்றாங்க. ஒண்ணு நம்ம வீடு. இன்னொண்ணு இந்தக் கடை."

வெளியே முதலாளி யாருக்கோ சட்டங்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியவள் குரலைத் தாழ்த்தினாள்.

"முதல் தடவை ரெண்டு ஓட்டுல தோத்தப்போ ரெண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உனக்கு ஞாபகம் இல்லையா?"

"அதனால?"

"அதனால ரெண்டு பேரை உண்டாக்கினேன். அப்புறம் பயம் வந்துடுச்சு. ரெண்டு ஆறாச்சு."

உண்டாக்கியதோடு முடிந்துவிடவில்லை. ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்ட ஆறு பேருக்கும் குறைகள் வேண்டியிருந்தன. 'கடைசி வீடு' என்பவள் தனியாக வாழும் ஒரு விதவை. தெருக்கோடியில் குடியிருப்பதால் குழாயில் தண்ணீர் ஏறவில்லை என்று ஆணையருக்கு எழுதினாள். ஆணையர் அன்றே பதில் எழுதினார். 'உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது, அம்மா. பதறாதீர்கள். நான் இருக்கிறேன்.'

பெற்ற பெண்ணிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்டறியாத மனிதர். அவளுக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோனபோது "விடு" என்று ஒற்றைச் சொல்லோடு பேப்பரை விரித்துக்கொண்டவர். அதே வாரம், தூக்கம் வரவில்லை என்று 'கடைசி வீடு' எழுதியதற்கு நாற்பது வரி எழுதினார். பஸ்ஸில் அதைப் படித்துக்கொண்டே வந்த பெரியவள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய் இறங்கினாள்.

தீவில் குழாயைச் சரிசெய்து இரண்டு வருடம் ஆகிறது. தண்ணீர் போய்ச் சேர்ந்ததாகவே அவருடைய திரையும் காட்டியது. 'கடைசி வீடு'தான் வரவில்லை, வரவில்லை என்று எழுதிக்கொண்டேயிருந்தாள். வந்துவிட்டது என்று சொன்னால் கடிதம் நின்றுவிடுமே. அவரோ திரையை நம்பாமல் அவளை நம்பினார்.

"போன தேர்தல்ல அப்பாவுக்குப் பதிமூணு, கொக்குக்கு ஆறு," என்றான் சின்னவன். கொக்கு என்பது எதிர்த்து நின்றவரின் புனைபெயர். "அப்பாவோட பதிமூணுல உன் ஆறைக் கழி."

"ஏழு."

"ஏழுக்கு ஆறு. நீ இல்லாமலே ஜெயிச்சிருக்கார்."

 பெரியவள் அடுத்த வில்லையைச் சட்டத்தில் சொருகினாள்.

"முன்னாடி போட்டதா, இப்ப போட்டதா, எது தெளிவா இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நிஜமாவே ஜெயிச்சார்னு அவர்கிட்ட சொல்லலாமே."

"எப்படிச் சொல்லுவ? அந்த ஆறு பேரும் இல்லைன்னு சொல்லிட்டுத்தானே சொல்ல முடியும்."

பிறகு வந்த காரியத்துக்கு வந்தான். "இந்த ஆறும் இன்னைக்கு ஓட்டுப் போடக் கூடாது. எண்ணிக்கை ரொம்ப நெருக்கம். நீ ஒதுங்கிட்டா பேரை நான் வெளியே விட மாட்டேன்."

"இல்லைன்னா?"

"மண்டபத்துல பட்டியல் போடுவேன். எனக்கு அதைவிட நல்ல ஆதாரம் எங்க கிடைக்கும்? ஒரு நாட்டுல இத்தனை பதவி இருந்தா ஓட்டுப் போட ஆள் செய்ய வேண்டியிருக்குன்னு நீயே நிரூபிச்சு வச்சிருக்கியே."

"அவர் உனக்கும் அப்பாதானே."

"பத்தொன்பது வயசுல நான் இதை ஆரம்பிச்சப்போ வயரைப் பிடுங்கித் தெருவுல எறிஞ்சவர். இன்னைக்கு என் மண்டபத்துல எனக்கே சட்டம் சொல்றார். அதைக்கூட விடு. மூணு பேருக்கு ஒருத்தர் பதவியில இருக்கார், அக்கா. இருபத்திரண்டு இடத்துல போட்டியே கிடையாது. புதுசா வர்றவன் மூணு நாள் சுத்திப் பார்க்கறான். இங்க எல்லா நாற்காலியிலயும் ஆள் இருக்கு, கீழே உட்காரத்தான் நம்மளைக் கூப்பிட்டிருக்காங்கன்னு புரிஞ்சு போயிடறான். இன்னைக்கு இது நிறைவேறலைன்னா மாசக் கடைசியில மொத்தத்தையும் மூடிடுவேன். அப்புறம் ஆணையரும் இல்லை, தீவும் இல்லை."

முதலாளி திரைச்சீலை அருகே வந்து தொண்டையைச் செருமினார். பெரியவள் சட்டத்தைக் கழற்றினாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "கண்ணாடி வேண்டாம்."

*

தலைவலி என்று சொல்லிவிட்டு நாலரைக்கே வீடு திரும்பினாள். அப்பா கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, தான் பேச வேண்டியதைத் தாளில் எழுதி அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, விட்டுக் கொடுத்துடலாமே. அவன் உண்டாக்கினது, அவன் இஷ்டத்துக்கு வச்சுக்கட்டும்."

அப்பா பேனாவை மூடி வைத்தார்.

"ஒன்பதுன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒன்பது இடத்துக்கும் எப்பவும் அதே ஒன்பது பேர்தான். பேசத் தெரிஞ்சவன், ஆள் வச்சிருக்கறவன். சங்கத்துல பார்த்தவன்தானே நான். இருபது வருஷம் ஒரே செயலாளர். டெப்போவுல குடிக்கத் தண்ணி இல்லைன்னு மனு எழுதிக் குடுத்தேன். மறுநாள் போனா, அது மேல டீ கிளாஸை வச்சிருக்கான். பெரிய நாற்காலியில உட்கார்ந்தவனுக்கு ஒரு குழாய் கண்ணுல படாது, பெரியவளே. அதுக்குச் சின்ன நாற்காலி வேணும்."

"போட்டியே இல்லாத பதவி எதுக்குங்கறான்."

"என் இடத்துல போட்டி இருந்துச்சே. ஜெயிச்சுட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னைக்குத் தோத்துட்டா?"

"அஞ்சு தடவை தோத்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அவளிடம் இல்லாமல் திரையிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "அப்பெல்லாம் என் பின்னால யாரும் இல்லை. இப்ப பதிமூணு பேர் இருக்காங்க."

*

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்தது. பெரியவள் சாப்பாட்டு மேசையில் கைபேசியோடு உட்கார்ந்தாள். வேலையிலிருந்து வந்த அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி அப்பாவின் முதுகு. ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினார்.

சின்னவன் தன் கணக்குகளை வைத்தான். இருபத்திரண்டு போட்டியில்லாத பதவிகள். ஆறு மாதத்தில் வந்து திரும்பிப் போன எழுபது பேர். எல்லோரும் அதிகாரியாக இருக்கும் ஊரில் குடிமகன் யார் என்று கேட்டான். மண்டபத்தில் பலர் ஆமோதித்தார்கள்.

அப்பா எழுதினார். 'நாற்காலிகள் அதிகம் என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறைக்கும்போது எப்போதும் கடைசி வரிசைதான் முதலில் போகிறது. நாட்டுத் தலைவருக்கு ஒரு தெருக்கோடி தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்வதை நம்ப வேண்டாம். என் தீவில் கடைசி வீடு என்றொரு அம்மையார் இருக்கிறார். குடிநீருக்கென்று ஓர் ஆள் இல்லாமல் போனால் தன் குறையை யாரிடம் சொல்வார் என்று அவரையே கேளுங்கள்.'

நான்கைந்து பேர் உடனே கேட்டார்கள். 'அவர் பேசட்டும்.' 'கடைசி வீடு, சொல்லுங்கள்.' எதிரணியில் இருந்த இருவர், அவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்வதாக எழுதினார்கள்.

பெரியவளின் கைபேசி அதிர்ந்தது. மாடியிலிருந்து சின்னவன். 'ஆட்கள் அந்தப் பக்கம் சாயறாங்க. குறையட்டும்னு எழுது. ரெண்டு நிமிஷம். இல்லைன்னா பட்டியல்.'

அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கழுத்தில் சட்டைக் காலர் மடிப்புக் கலையாமல் நின்றது. அவர் காத்திருந்தார்.

பெரியவள் எழுதினாள்.

'ஆணையர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் நல்லவர். ஆனால் இத்தனை வருடமாக எழுதுகிறேன். தண்ணீர் வரவில்லை. உங்கள் பதில்தான் வந்தது. பதில் எழுதுவதற்கு ஒரு பதவி தேவையில்லை. குறையட்டும்.'

அனுப்பிய பிறகு ஒருமுறை படித்தாள். இதில் எது அந்த விதவையின் வரி, எது தன்னுடையது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்பாவின் விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது.  மண்டபத்தில் யாரோ ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டார். பிறகு இன்னொருவர்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லை," என்றார் அப்பா. "தண்ணி வரலையாம்."

வாக்கெடுப்பு அரை மணி நேரம் நடந்தது. ஆதரவு நாற்பத்தேழு. எதிர்ப்பு நாற்பத்து மூன்று. ஆறு பேர் வாக்களிக்கவில்லை.

*

முடிவை அறிவித்த கையோடு சின்னவன் ஒரு பட்டியலையும் மண்டபத்தில் ஒட்டினான். தீவின் பெயர், பதிவானவர்கள், சரிபார்க்கப்பட்டவர்கள். உப்புத்தீவுக்கு நேரே பத்தொன்பது, பதிமூன்று என்று இருந்தது.

பெரியவள் இரண்டிரண்டு படியாக ஏறி மாடிக்குப் போனாள்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னியே."

"பேரைச் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்." அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "வாக்கெடுப்பு முடிஞ்சா எண்ணிக்கையைப் போட்டாகணும். அது சட்டம். போன வருஷம் அப்பா கொண்டுவந்த சட்டம்."

"நான் எழுதினது எதுக்குடா அப்ப?"

"நாடு பிழைக்கறதுக்கு," என்றான். குரலில் ஜெயித்தவனின் தெம்பு எதுவும் இல்லை. "எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு, அக்கா. உனக்கும் தெரியும்."

அவள் கீழே இறங்கினாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார் என்று நினைத்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். பார்வையில் ஒரு பளபளப்பு. பல வருடங்களாக அவள் பார்க்காத பளபளப்பு.

"இங்க வா. இதைப் பார்த்தியா? உப்புத்தீவுல ஆறு பேர் பொய்."

"அப்பா…"

"சொல்றதைக் கேளு. போன தேர்தல்ல கொக்குக்கு எத்தனை ஓட்டு? ஆறு. சரியா ஆறு. நிஜமா இருந்த பதிமூணு பேரும் எனக்குத்தான் போட்டிருக்காங்க. ஒருத்தர் விடாம." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். "என் வாழ்க்கையில எனக்கு அப்படி யாரும் போட்டதில்லை."

"அது கொக்குதான்னு எப்படிச் சொல்றீங்க? உங்க பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் வாழ்த்து அனுப்பற மனுஷன்."

"அதான் இனிக்க இனிக்கப் பேசியிருக்கான்."

"உங்க பக்கத்து ஆளா இருக்கக் கூடாதா? அந்தக் கடைசி வீடு?"

அப்பா தலையை ஆட்டினார். "அவ நிஜம். பொய்யான ஆளா இருந்தா முகத்துக்கு நேரா அப்படிச் சொல்லியிருப்பாளா?"

அம்மா வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில் பெரியவளின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

"பதவி இன்னும் ஒரு வாரம் இருக்கு," என்றார் அப்பா. "என் கடைசி வேலை இதுதான். தலைமை நீதிபதிக்குப் புகார். விசாரணைன்னா அந்த ஆறு பேரும் எந்த இடத்துலேருந்து வர்றாங்கன்னு வெளியே வந்துடும். உட்காரு, நீ தட்டு. எனக்கு ஒத்தை விரல்தான் வரும். பிழை இல்லாம எழுதணும்."

அவள் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அவர் கை அவள் தோளில் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தது.

"கொக்குன்னு பேரைத் தெளிவாப் போட்டியா?"

"போட்டுட்டேன்பா."

"அனுப்பு."

ஏழுதீவில் ஒருமுறை கொடுத்த புகாரைத் திரும்பப் பெற முடியாது. அது அவளுக்குத் தெரியும். அனுப்பினாள்.

அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே போனார். திரையின் மூலையில் மணி ஒலியோடு ஆணையருக்கு ஒரு தனிக்கடிதம் வந்து விழுந்தது. அவள் திறந்தாள்.

'ஐயா, உங்கள் பதவி போனதில் எனக்கு வருத்தம். உங்களை எதிர்த்து நின்றவன்தான். ஆனால் இன்று நான் உங்கள் பக்கம்தான் ஓட்டுப் போட்டேன். உங்கள் தெருக்கோடி விஷயம் சரி என்று பட்டது. கொக்கு.'

"மணி அடிச்சுதே," என்று உள்ளேயிருந்து கேட்டார் அப்பா. "யாரு?"

பெரியவள் அந்தக் கடிதத்தை அழித்தாள்.

"யாரும் இல்லைப்பா."